பின்கண்ணாடியில் இருந்த பேர்

பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு எனியோனம் ஓடி வந்தாள்.

டெனு ஊரில், ஆள் ஏற்றும் வேன்கள் நிற்கும் லாரி ஸ்டாண்டில் ஒரே கூட்டம். நடுவில் அவள் புருஷன் செலோர்ம், தன்னுடைய வேனின் பின்கண்ணாடியை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

'யேகோவா ஷம்மா. கர்த்தர் அங்கே இருக்கிறார்.'

போன மாசம்தான் போதகரை அழைத்து ஜெபம் பண்ணி ஒட்டிய மஞ்சள் எழுத்து. பாதி உதிர்ந்து தரையில் கிடந்தது.

"ஐயோ, பேய் பிடிச்சிருச்சா உங்களுக்கு?"

அவன் அடுத்த எழுத்தைச் சுரண்ட ஆரம்பித்தான்.

"ஃபுட்பால் டீம் பேரை ஒட்டப் போறானோ என்னமோ!" என்றான் இன்னொரு டிரைவர். நாலு பேர் சிரித்தார்கள்.

சபை மூப்பர் அடானு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அடப்பாவி! தேவன் பேரையே சுரண்டுறியா? ஞாயிற்றுக்கிழமை உன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. சொல்லிட்டேன்!"

எனியோனத்துக்கு இரண்டைப் பறிகொடுத்த பிறகு நிலைத்த பிள்ளை இது.

"ஐயா, அப்படிச் சொல்லாதீங்க... ஏங்க, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்!"

பிளேடு நின்றது.

"காலையில முக்கு ரோட்டுல ஒரு பொண்ணு நின்னா. வண்டியை நிறுத்தினேன். பின்னாடி போய் இந்த எழுத்தைப் பார்த்தா. ஏற மாட்டேன்னுட்டா."

"ஏனாம்?"

"போன வியாழக்கிழமை அதே இடத்துல, கொட்டுற மழையில, பிரசவ வலியோட கை காட்டினாளாம். இந்த வண்டி நிக்கலை. போற வண்டியோட முதுகுல இந்தப் பேரை வாசிச்சுக்கிட்டே சேத்துல உட்கார்ந்தாளாம்."

எனியோனத்தின் கை தானாக முதுகுக்குப் போனது.

"பிள்ளை?"

"செத்துப் பிறந்துச்சாம்."

"நிறுத்தியிருக்கக் கூடாதா, பாவி மனுஷா!" அத்தனை பேர் முன்னால் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை.

"பிரேக்ல காலை வச்சேன்டி."

செலோர்ம் மூப்பர் பக்கம் திரும்பினான்.

"முன்சீட்டுல நீங்கதானே இருந்தீங்க, ஐயா? 'ஜெபக்கூட்டத்துக்கு நேரமாச்சு, அவளைக் கர்த்தர் பார்த்துக்குவார், நீ ஓட்டு'ன்னீங்க. நானும் ஓட்டிட்டேன்."