சூப்பில் கலந்தது

கையும் கரண்டியுமாக மாட்டிக்கொண்டாள் எர்மா.

மெம்ஃபிஸ் நகரத்துப் பள்ளிக்கூடச் சமையலறை. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போன நேரம். கூட வேலை பார்க்கும் லத்ரீஸின் சூப் ஃபிளாஸ்க் திறந்திருந்தது. மசித்த உருளைக்கிழங்கை அதற்குள் வழித்துப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள் எர்மா.

"மிஸ் எர்மா! என்ன பண்றீங்க?"

லத்ரீஸ் போட்ட சத்தத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நெட்டி குழாயைக்கூட மூடாமல் ஓடிவந்தாள்.

எர்மா கரண்டியை மெல்ல வெளியே எடுத்தாள்.

திங்கட்கிழமை லத்ரீஸுக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன். அதற்கு முன்னால் இரண்டு வாரம் தெளிந்த சூப், புரோட்டீன் பானம், தண்ணீர். வேறு எதுவும் கூடாது. கல்லீரல் சுருங்கினால்தான் ஆபரேஷன் செய்ய முடியும். "திருட்டுத்தனமா சாப்பிட்டுட்டு வந்தா, அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தார் டாக்டர்.

லத்ரீஸுக்குச் சர்க்கரை. முழங்கால் இரண்டும் போச்சு. தூங்கும்போது மூச்சுக்கு மெஷின். இன்ஷூரன்ஸ்காரர்கள் இழுத்தடித்து, இப்போதுதான் சம்மதித்திருந்தார்கள்.

நாள் முழுக்க அடுப்பில் கோழியும் சீஸும் மணக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். இதில் எர்மாவின் தொல்லை வேறு. காலையில் வெண்ணெய் உருகும் சோள ரொட்டியோடு வந்து நிற்பாள். மத்தியானம் பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு.

"ஒரே ஒரு வாய்டி. டாக்டர் என்ன உன் வாய்க்குள்ளயா உட்கார்ந்திருக்கான்?"

இத்தனை நாளும் லத்ரீஸ் சிரித்து மழுப்பிவிட்டாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"எத்தனை நாளா இந்த வேலை நடக்குது?"

"இன்னைக்குத்தான்."

"பொய்!"

"சத்தியமா இன்னைக்குத்தான். எதைக் கொடுத்தாலும் தொட மாட்டேங்கற. திங்கட்கிழமை வந்துட்டே இருக்கு. எனக்கு வேற வழி தெரியல."

"பொறாமைடி இதுக்கு!" நெட்டி குறுக்கே பாய்ந்தாள். "நீ இளைச்சுட்டா, இந்த அடுப்படியில தான் மட்டும்தானே குண்டா நிக்கணும்! அந்த வயித்தெரிச்சல்!"

எர்மா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

லத்ரீஸ் ஃபிளாஸ்க்கைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தாள்.

"என் சின்னதுக்கு ஏழு வயசு, மிஸ் எர்மா. மாடிப்படியில ஓடுறா. 'அம்மா, என்னைப் பிடி'ங்கறா. நான் கீழ நின்னு பார்த்துட்டிருக்கேன். இந்த ஆபரேஷன் தவறிப்போனா எனக்கு இன்னொண்ணு கிடைக்காது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிப் பண்ணீங்க? பாம்புகூட இப்படிப் பண்ணாது! மேனேஜர்கிட்ட போறேன் நான். உங்களை வீட்டுக்கு அனுப்பாம விடமாட்டேன்."

"போ. சொல்லு. வேலை போனா போகட்டும்."

அந்த அலட்சியம்தான் லத்ரீஸின் கோபத்தை உச்சிக்கு ஏற்றியது. தொட்டி விளிம்பை ஓங்கி அறைந்தாள்.

"உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? ஆபரேஷன் நின்னுபோனா உங்களுக்கு என்னதான் கிடைக்கும்? சொல்லுங்க, என்ன கிடைக்கும்?"

"நீ கிடைப்படி."

எர்மாவின் கையிலிருந்த கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. எடுக்க அவள் குனியவில்லை.

"நான் இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. வெலண்டா. இதே ஆபரேஷன். இதே சூப்பு, இதே தண்ணி. ஒரு வாய்கூட மீறல. டாக்டரே தட்டிக்கொடுத்தார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அவ வரவே இல்ல."

நெட்டி மெல்லப் போய்க் குழாயை மூடினாள்.

லத்ரீஸுக்குக் கோபம் முழுசாக இறங்கவில்லை. கண்ணில் மட்டும் நீர் முட்டியது.

"இதை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொல்லியும் நீ போறதுன்னு முடிவு பண்ணிட்டா? பயந்துகிட்டே போவியேடி... என் பொண்ணாவது சிரிச்சுக்கிட்டே உள்ள போனா."