பதினாலாம் பக்கம்

ராக்காயிக்கு நன்றி என்பது மருந்துக்கும் கிடையாது என்று சிக்கனச் சங்க முகாமையாளர் கதிர்காமநாதன் முடிவு செய்துவிட்டார்.

"பரமேஸ்வரன் ஐயா பக்கத்துலருந்து என்னையப் பிரிச்சிருங்க. எனக்குத் தனிப் பக்கம் வேணும்," என்று நின்றாள் அவள்.

பக்கம் என்றால் பேரேட்டுப் பக்கம். கதிர்காமநாதன் ஒருமுறை கொழும்புக்குப் பயிற்சிக்குப் போனார். அங்கே பணக்காரர் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் அடுக்கியிருந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தார். மேலே குடும்பத் தலைவர், கீழே மனைவி மக்கள், எல்லார் காசையும் கூட்டி உச்சியில் ஒரே தொகை. கிளிநொச்சியில் கரண்ட் இல்லை. அவர் அதையே கோடு கீறும் அடிமட்டமும் சிவப்புப் பேனையும் வைத்துச் செய்தார்.

பதினாலாம் பக்கத்தில் முரசுமோட்டைப் பரமேஸ்வரன் தலைவர். கீழே மனைவி, இரண்டு பிள்ளைகள். கடைசி வரியில் வயல் வேலைக்காரி ராக்காயி. காணி இல்லாதவர்களுக்குத் தனிப் பக்கம் கிடையாது. தலைவர் கையெழுத்து வைத்தால்தான் கீழே உள்ளவர் காசு எடுக்கலாம்.

உச்சித் தொகை ஒன்பதாயிரத்து இருநூற்று முப்பது. சங்கத்திலேயே அதிகம். போன பொதுக்கூட்டத்தில் பரமேஸ்வரனுக்கு மாலை போட்டது கதிர்காமநாதன்தான். அந்தத் தொகையைக் காட்டித்தான் பரமேஸ்வரன் இப்போது உழவு மெசினுக்குக் கடன் கேட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"உனக்கு என்ன அவசரம்?" என்றார் கதிர்காமநாதன்.

"ஜெயபுரத்துல காணித் துண்டு குடுத்திருக்காங்க. மழைக்கு முந்திக் கொட்டில் போடலைன்னா வேற ஆளுக்குப் போயிரும். ஐயாகிட்ட மூணு மாசமாக் கையெழுத்துக் கேட்டு நடக்கிறேங்க."

பரமேஸ்வரன் உச்சுக் கொட்டினார்.

"பாத்தியளோ மனேச்சர்? ஏழு வருசம் என்ர வீட்டுச் சோறு. பெத்த பிள்ளையளோட ஒரே பக்கத்தில வைச்சனான். இப்ப பிரிக்கக் கேக்கிறாள்."

கதிர்காமநாதனுக்குக் கோபம் வந்தது.

"காணி கிடைச்சால் தனிப் பக்கம் குடுக்கத்தான் வேணும். போகட்டும் விடுங்கோ. உங்களுக்கு என்ன நட்டம்?"

"வேண்டாம் மனேச்சர். பாவம், தனியப் போய் என்ன செய்வாள்?" பரமேஸ்வரன் பதறினார்.

என்ன பெரிய மனசு என்று கதிர்காமநாதன் உருகிப்போனார். உருகியபடியே அடிமட்டத்தை வைத்துக் கடைசி வரியை வெட்டக் கோடு கீறத் தொடங்கினார். கீழ் வரிகளை எழுதுவது கிளாக் சுகந்தினியின் வேலை. கதிர்காமநாதன் எப்போதும் உச்சியை மட்டும் பார்ப்பவர்.

"சுகந்தினி, ராக்காயியின்ர கணக்கில எவ்வளவு?"

"ஒன்பதாயிரத்து இருநூறு, சேர்."

"மற்ற நாலு பேருக்கும்?"

"முப்பது ரூபா, சேர். மிச்சத்தை ஐயா முந்தியே எடுத்திட்டார்."

சிவப்புப் பேனை அப்படியே நின்றது. தான் வாங்கிக் கொடுத்த மாலையின் விலை கதிர்காமநாதனுக்கு ஞாபகம் வந்தது. அது நாற்பது ரூபாய்.

பரமேஸ்வரன் எழும்பிக் கதிரையை ராக்காயி பக்கம் தள்ளினார்.

"இருங்கோ அக்கா. மனேச்சர், பக்கத்தைப் பிரிக்க வேண்டாம். இவாவையே தலைவராப் போடுங்கோ. நாங்கள் கீழ இருக்கிறம்."

ராக்காயி உட்காரவில்லை.

"வேணாங்க. அப்புறம் அந்த முப்பது ரூவாய்க்கு ஐயா என் கையெழுத்துக் கேட்டு மூணு மாசம் நடக்கணும். அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? தனிப் பக்கமே போட்டுருங்க."