பல் விளக்கிய இறால்

“கடலுக்கடியில ஒரு இறால் எனக்குப் பல்லு விளக்கிவிட்டுச்சுடி!” முக்குளிப்புப் பயிற்சி முடித்துக் கரையேறிய செண்பகவல்லி, அறுபத்தைந்து வயதுப் பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தாள். முதுகுப்பையோடு தீவு தீவாய்த் திரியும் தோழிகள் மணலில் விழுந்து சிரித்தார்கள். “போன தீவுல டால்பின் தலை வாரிவிட்டுச்சு. இன்னிக்கு இதுவா? இனி இவ என்ன சொன்னாலும் நம்பாதீங்கடி” என்றாள் திலகவதி. செண்பகத்துக்குச் சுருக்கென்றது. அவள் அளந்ததிலேயே நிஜம் இது ஒன்றுதான். மறுநாள் திலகவதியை அந்த இறால் இருந்த கடலடிப் பாறைக்கு இழுத்துப்போனாள். பயிற்சியாளர் இருவருக்கும் பழக்கியபடி காற்றுக்குழாயைக் கழற்றி, வாயை அகலத் திறந்து காட்டினாள். திலகவதியும் தன் குழாயைக் கழற்றி வாயைத் திறந்தாள். மீன்களின் வாயைச் சுத்தம் செய்து பிழைக்கும், சிவப்புக்கோடு போட்ட இறால் ஒன்று சாவகாசமாக அவள் வாய்க்குள் நுழைந்தது. கரையில் தோழிகள் சூழ்ந்துகொண்டார்கள். திலகவதி நாக்கால் கடைவாயைத் துழாவினாள். “காலையில தின்ன தேங்காச் சில்லு இங்கதான் மாட்டியிருந்துச்சு. அதையும் எடுத்துட்டுப் போயிருச்சுடி.”