யார் ஃபைல்?

போச்சம்பள்ளித் தொழிற்சாலையில் காலையிலிருந்து உலை எரியவில்லை. புது வார்ப்புக்கு எவ்வளவு வெப்பம் என்று கணக்கிட்டுச் சொல்லவேண்டிய சால்வர் மென்பொருள், விடை தராமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சால்வர் எத்தனை சுற்று ஓடணும், எவ்வளவு பிழை விடலாம், எல்லாம் என் ஆப்ஷன் ஃபைல்ல திருத்திட்டேன். அதைப் போடும்மா," என்றார் டிசைன் தலைவர் ஆனந்தராஜ்.

"அதைப் போட்டா சாயங்காலம் வரைக்கும் சுத்தும். என் ஃபைலைப் போடு!" உற்பத்தித் தலைவர் சென்றாயன் மேசையைத் தட்டினார்.

கணினி முன் இருந்த வஜிஹா இருவரையும் பார்த்தாள். எதையோ அழுத்தினாள்.

ஒரே நிமிடத்தில் விடை வந்தது. உலை எரிந்தது. முதல் வார்ப்பு விரிசலில்லாமல் வெளியே வந்தது.

ஆனந்தராஜ் அவளருகே குனிந்தார். "என்னுதுதானே?"

"ஆமாங்க சார்."

சென்றாயன் வாசலில் மறித்தார். "என் ஃபைல்தானே போட்ட?"

"ஆமாங்க சார்."

எம்.டி. போனில் வந்தார். "அந்த ஃபைலை ஓசூர் யூனிட்டுக்கும் அனுப்பும்மா. இனிமே எல்லாரும் அதைத்தான் போடணும்."

இருவர் ஃபைலையும் எடுத்துவிட்டு, சால்வரை அதன் போக்கில் ஓடவிட்டது வஜிஹாவுக்கு மட்டும்தான் தெரியும்.

புதிதாக ஒரு ஃபைலைத் திறந்தாள். ஓர் எழுத்துகூட அடிக்காமல் சேமித்து, ஓசூருக்கு அனுப்பினாள்.