செண்பகவல்லியின் இருக்கை

போர் மூண்ட நகரிலிருந்து ஊர் திரும்பும் ராணுவ விமானம். வாசலில் இருந்த கருவி செண்பகவல்லியின் கைப்பட்டைக்குப் பச்சை காட்டியது. தோளில் கிடந்த இருபது நாள் குழந்தைக்குச் சிவப்பு.

"பேரு பதியலையேம்மா. பேரில்லன்னா சாமான் கணக்கு. சாமானெல்லாம் அடுத்த விமானத்துலதான்," என்றார் ஹவில்தார் துரைசிங்கம்.

"ஊர்ல அவ அத்தைதான் பேரு வைக்கணும்னு விட்டுட்டோம் சார். இப்பவே வைக்கிறேன், எழுதிக்கோங்க."

"பட்டியலை மூடிட்டாங்க. புதுப் பேரு ஏறாது."

"அடுத்த விமானம் எப்போ?"

அவர் குழந்தையின் காலைப் போர்வைக்குள் தள்ளினார்.

செண்பகவல்லி தன் பட்டையைக் கழற்றி அந்தக் காலில் இரண்டு சுற்றாகக் கட்டினாள். கருவி பச்சை காட்டியது.

"இவ அப்பா திருச்சியில நிப்பாரு," என்று குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். "பேரு செண்பகவல்லின்னு சொல்லிடுங்க."