காலி இடம்

இந்த டிரைவை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யலாமா என்று திரை கேட்டது.

ஆங்கிலத்தில் கேட்டது. அவருக்கு மரியாதையாகத்தான் பட்டது.

ஆமாம் என்று அழுத்தினார்.

மகள் இலக்கியாவின் லேப்டாப்பில் பாதி இடம் இப்படிச் சும்மா கிடந்திருக்கிறது. அவள் படங்களையெல்லாம் அதில் ஏற்றினார். காது குத்திய படம், பள்ளி ஆண்டு விழாப் படம், கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம். பைபாஸில் அவள் ஸ்கூட்டரை லாரி அடித்த பிறகு அவருக்கு வேறு என்ன வேலை.

எந்தப் படத்திலும் அவள் பேசவில்லை.

அவருக்கு வேண்டியிருந்தது அவள் குரல். ஒரு நிமிடம் இருந்தால் போதும். லேப்டாப்பை மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டார். பாடக் குறிப்புகள் இருந்தன. சாமி படங்கள் இருந்தன.

அவள் இருந்தபோதும் இப்படித்தான் தேடுவார். ஆபீஸ் விட்டு வந்ததும், சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே. அவள் பக்கத்தில் கைகட்டி நிற்பாள். ஒருநாளும் தப்பாக ஒன்றும் அகப்பட்டதில்லை. என் பெண் அப்படி என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார், பாவி மனிதர்.

மறுநாள் காலை ஷிபானா வந்தாள். மகளோடு கல்லூரியில் படித்தவள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு மேசைமேல் இருந்த லேப்டாப்பைப் பார்த்தாள்.

"அங்கிள், அவ இதுல ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் வச்சிருந்தா. நீங்க பாக்குறது விண்டோஸ். இன்னொன்னு லினக்ஸ். விண்டோஸ்லேர்ந்து பாத்தா அது வெறும் காலி டிரைவ் மாதிரிதான் தெரியும். ஃபார்மேட் பண்ணவான்னுகூட கேக்கும், பண்ணா உள்ள இருக்குறதெல்லாம் அழிஞ்சிடும். பாடுறது, பேசுறது எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணி அதுலதான் போட்டு வைப்பா."



ஷிபானா தயங்கினாள்.

"உங்களத் திட்டி பேசினதுகூட இருக்கும். கோவிச்சுக்காதீங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், போட்டுத் தரேன்" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

அது நகரவில்லை. மூடியின் மேல் அவர் கை இருந்தது.

வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தது.

"என்னன்னு திட்டுவா?" என்றார். "அவ சொல்ற மாதிரியே சொல்லும்மா."