இடக்கால்

தூக்கிவிட வந்த மனைவியின் கையைத் தட்டிவிட்டு, குயவர் தானே சக்கரத்துப் பலகையில் ஏறி உட்கார்ந்தார்.

கீழே, காலால் உதைத்துச் சுற்றும் பெரிய கல்வட்டம். மேலே, மண் வைக்கும் சின்னத் தட்டு. இரண்டையும் சேர்க்கும் ஒரு தண்டு. அவருடைய அப்பா போட்ட சக்கரம்.

உதைக்கும் வலது கால் இல்லை.

சர்க்கரைப் புண். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிச்சக் காலை மரச்சட்டத்தில் முட்டுக் கொடுத்தார். முதுகை நிமிர்த்தினார்.

எதிரே பூசாரி நின்றார். கையில் பித்தளைத் தட்டு. அதில் கோயில் ஊருணியில் எடுத்த ஒரு பிடி மண்.

அந்த மண்ணை வாங்குகிற வீடுதான் அம்மனுக்குத் தீச்சட்டி செய்யும். பூசாரியின் கண்ணெதிரே ஒரு சட்டி எழுப்பிக் காட்டியவன் கையில்தான் மண் விழும். முடியாவிட்டால் அது பங்காளி வீட்டுக்குப் போகும்.

போன மண் திரும்பாது.

பங்காளி வந்திருந்தான். சித்தப்பா மகன் சோலையப்பன். குளித்து, திருநீறு பூசி, மண்ணை ஏந்திக்கொள்ளப் புதுத் துண்டும் கொண்டுவந்திருந்தான்.

அந்தத் துண்டை அவர் பார்த்தார்.

மனைவி ராக்கு, பிசைந்த மண்ணைச் சக்கரத்துத் தட்டின் நடுவில் வைத்தாள். அவர் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இடது காலால் உதைத்தார்.

கல் முனகியது. நகர்ந்தது. சுற்றியது.

கைகள் தாமாகவே பழைய இடத்துக்குப் போயின. இடக்கை உள்ளே, வலக்கை வெளியே. மண் எழும்பியது. ஒரு சாண் வந்ததும் முறுக்கிக்கொண்டது. தலை சாய்ந்தது.

தொப்.

சோலையப்பன் சிரிப்பை அடக்கவில்லை.

"விடுண்ணே. ஆஸ்பத்திரில விட்ட காலப் போயித் திருப்பி வாங்கிட்டா வர முடியும்? மண்ணு எங்கிட்ட இருந்தா என்ன, ஒங்கிட்ட இருந்தா என்ன?"

அவர் விழுந்த மண்ணை வழித்து ராக்குவிடம் நீட்டினார். அவள் அதை ஓங்கி அறைந்து பிசைந்தாள். யாரை அறைகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

தட்டு வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. விளிம்பில் ஒட்டியிருந்த சிறு மண்துளி அவர் முன்னால் போய்ப் போய் வந்தது.

சக்கரம் வலக்கால் ஓட்டிய பக்கம் சுற்றவில்லை. எதிர்ப்பக்கம்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு மாற்றினார்.

வலக்கை உள்ளே. இடக்கை வெளியே.

புதுச் சம்பந்திகள்போல இரண்டு கைகளும் கூச்சப்பட்டன. கொஞ்ச நேரம்தான். மண் எழுந்தது. ஒரு சாண் தாண்டியும் நின்றது.

சோலையப்பனின் சிரிப்பு நின்றது.

"பூசாரி, நல்லாப் பாத்துக்கங்க. இடக்காலு. சாமி காரியத்துக்கு இடக்கையால திருநீறு குடுப்பீகளா?"

பூசாரியின் தட்டு பாதி அவன் பக்கம் திரும்பியது.

அவர் தலை நிமிரவில்லை.

"பூசாரி, கோயில எந்தப் பக்கமாச் சுத்துவீக?"

பூசாரி ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். சக்கரத்தைப் பார்த்தார். இன்னொரு வட்டம் போட்டார். விரலும் சக்கரமும் ஒரே பக்கமாகப் போயின.

"வலமாத்தான் வருது," என்றார் மெதுவாக.

"அப்ப பெரியப்பா ஆயுசு பூராம் இடமாச் சுத்துனாரே?" சோலையப்பன் முன்னால் வந்தான். "அது தப்பா? பெத்த அப்பனையே தப்புங்கிறியா?"

அவருடைய கால் நின்றது.

சக்கரம் தன் வேகத்தில் ஓடியது. தண்ணீர்ச் சட்டியில் விட்ட கையை ராக்கு எடுக்கவில்லை.

அவர் நிமிர்ந்தார்.

"எங்கப்பனுக்கு ஆத்தா ரெண்டு காலு குடுத்தா. எதால மிதிக்கணும்னு அவரு முடிவு பண்ணாரு. எனக்கு ஒண்ண எடுத்துக்கிட்டு ஒண்ண விட்டிருக்கா. எத விட்டிருக்கான்னு நீயே பாத்துக்க."

மறுபடி உதைத்தார்.

சட்டியின் வயிறு அகன்றது. வாய் விரிந்தது. விளிம்பை மடித்துவிட்டு, நூலால் அடியை அறுத்தார். ராக்கு சட்டியைத் தூக்கி நிழலில் வைத்தாள்.

இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். பலகையை விட்டு இறங்கவில்லை.

மண் விழுந்தது.

சோலையப்பன் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை, சுவருக்கு அந்தப் பக்கம் பங்காளி வீட்டுச் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது.

பிறகு, தொப்.

சக்கரம். மறுபடி, தொப்.

கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

ராக்கு சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இடக்காலால மிதிக்கிறாரு ஒங்க தம்பி. கைய மாத்திப் பிடிக்கச் சொல்லிட்டு வரவா?"

அவர் பொறு என்று கையைக் காட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

தொப்.

"இன்னும் ரெண்டு விழட்டும்," என்றார்.